இடக்கை இல்லாத ஸ்வரம்

வலித்திருந்தால் நாலு பேரிடம் சொல்லி அழுதிருப்பேன். வலிக்கவில்லை, அதுதான் வம்பு. என் வலது கைச் சுண்டுவிரல் வெங்காயம் நறுக்கும்போது ஒழுங்காக ஒதுங்கி நின்றது. பொத்தான் போட்டது, ஊசியில் நூல் கோத்தது, தம்பி மனைவிக்குச் சடை பின்னிவிட்டது. கிளாரினெட்டைக் கையில் எடுத்தால் மட்டும் உள்ளங்கையைப் பார்த்துச் சுருண்டு படுத்துக்கொண்டது. இழுத்து நீட்டினால் நீளும், விட்டால் மறுபடி சுருளும். இப்படி ஒரு வேலைக்கள்ளியை என் உடம்பிலேயே வளர்த்து வைத்திருக்கிறேன் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது.

நான் ஒரு பெரிய இசைக்குழுவில் முதல் கிளாரினெட். எனக்குப் பக்கத்து நாற்காலியில் இரண்டாம் கிளாரினெட் வாசிப்பவன் என் கூடப்பிறந்த தம்பி. தனியாக வரும் வாசிப்பெல்லாம் முதல் நாற்காலிக்கு. அதற்கு அடியில் அடக்கமாக ஒத்து ஊதுவது இரண்டாம் நாற்காலிக்கு. எனக்கு உடம்பு சரியில்லை என்றால்தான் அவனுக்கு மேடையில் தனியாக வாசிக்க இடம் கிடைக்கும். எனக்கோ உடம்பு சரியில்லாமல் போனதே கிடையாது. அதனால் குழுவில் எல்லோரும் அவனை ஸ்டெப்னி என்று கூப்பிட்டார்கள். அவனும் வெட்கமே இல்லாமல் அதற்குத் திரும்பிப் பார்ப்பான். சின்ன வயதில் வீட்டில் இருந்தது ஒரே கருவி, நான் வாசித்து முடித்து வைத்தால்தான் அவனுக்கு. காத்திருப்பது அவனுக்கு அப்போதே பழகிவிட்டது.

டாக்டர் விரலைத் தட்டினார், ஊசியால் குத்தினார், மின்சாரம் வைத்துப் பார்த்தார். ரிப்போர்ட் எல்லாம் நார்மல். விரலில் ஒன்றுமில்லை, மூளையில் அந்த விரலுக்கென்று இருக்கும் இடம் குழம்பிப் போயிருக்கிறது, ஒரே அசைவை அளவுக்கு மீறிப் பழகுகிறவர்களுக்கு வருவது என்றார். சிலருக்கு அதுவாகப் போய்விடும், சிலருக்குப் போகாது, சில நாள் நன்றாக இருப்பது போலக் காட்டி ஏமாற்றவும் செய்யும், வாசிப்பதைக் கொஞ்ச காலம் நிறுத்திப் பாருங்கள் என்றார். கொஞ்ச காலம் மூச்சை நிறுத்திப் பாருங்கள் என்று சொன்ன மாதிரி இருந்தது. நான் உழைத்த உழைப்பே என்னைக் கவிழ்த்துவிட்டது என்பதை அவர் எவ்வளவு பக்குவமாகச் சொன்னாலும் எனக்குச் செருப்பால் அடித்த மாதிரிதான் விழுந்தது. ஊரில் உள்ள சோம்பேறிகள் அத்தனை பேருக்கும் விரல் நன்றாக இருக்கிறது. பாதி நாள் பயிற்சிக்கு மட்டம் போடுகிற என் தம்பிக்கும் நன்றாக இருக்கிறது.

நிறுத்தவில்லை. மாற்று வழி தேடினேன்.

கிளாரினெட்காரர்களுக்குக் க்ரோமாட்டிக் பயிற்சி என்று ஒன்று உண்டு. ஒரு ஸ்வரத்தையும் விடாமல், அரை அரையாக அடியிலிருந்து உச்சிவரை ஏறி, உச்சியிலிருந்து அடிவரை இறங்க வேண்டும். கேட்பவர்களுக்கு அதில் பாட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எதிர்வீட்டுக்காரர் அதற்குப் பயந்தே காலையில் ஜன்னலைச் சாத்திக்கொள்வார். ஆனால் எந்த விரலும் அதில் ஒளிந்துகொள்ள முடியாது. எல்லா விரலும் முறை வைத்து வந்து ஆஜர் கொடுத்தாக வேண்டும்.

இதில் ஒரு சௌகரியமும் இருக்கிறது. சுண்டுவிரல் அமுக்கும் ஸ்வரங்களுக்கு இரண்டு பக்கமும் சாவி வைத்திருக்கிறார்கள். இடது சுண்டுவிரலாலும் அமுக்கலாம், வலது சுண்டுவிரலாலும் அமுக்கலாம், வருவது ஒரே சத்தம். முன்னால் வந்தது எது, பின்னால் வரப்போவது எது என்று பார்த்து இடம் வலம் மாற்றி மாற்றி அமுக்குவதுதான் வித்தை. மறக்காமல் இருக்க ஸ்வரத்தின் தலைமேல் பென்சிலால் ‘இ’ என்றும் ‘வ’ என்றும் எழுதிக்கொள்வோம். என் பயிற்சிப் புத்தகத்தில் இருந்த ‘வ’ எல்லாவற்றையும் ரப்பர் போட்டு அழித்தேன். இரண்டு விரல் பார்த்த வேலை ஒற்றை விரலின் தலையில் விழுந்தது. இடது சுண்டுவிரல் ஒரு சாவியிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்காமலே வழுக்கிப் போக வேண்டும். அதற்காக மூக்கோரத்து எண்ணெய்ப் பிசுக்கைத் தொட்டு விரலில் தடவிக்கொள்வேன். அசிங்கம்தான், எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற அசிங்கம். வழுக்கியது. நாள் முழுக்க உட்கார்ந்து வழுக்க வைத்தேன்.

ஒரே ஒரு சாவிக்கு மட்டும் இடது பக்கம் ஜோடி கிடையாது. ஏறும்போது அந்த ஸ்வரத்துக்கு டி ஷார்ப் என்று பெயர், இறங்கும்போது ஈ ஃபிளாட். எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் வலது சுண்டுவிரல்தான் வர வேண்டும். வராவிட்டால் அதற்குக் கீழ் ஸ்வரமான டி-தான் கேட்கும். எல்லாக் கதவையும் இரண்டாக வைத்தவன் இதை மட்டும் ஏன் ஒற்றைக் கதவாக வைத்தான் என்று கருவி செய்தவனை வாய்க்கு வந்தபடி வைதேன். மோதிர விரலை இழுத்து அந்தச் சாவியில் வைத்துப் பழக்கிப் பார்த்தேன். கொஞ்ச நாளில் அதுவும் மெல்லச் சுருளப் பார்த்தது. பயந்து விட்டுவிட்டேன்.

அந்தச் சாவிக்கும் இடது பக்கம் ஜோடி வைத்த கருவிகள் இருக்கின்றன. ஆனால் எங்கள் குழுவில் ஒருத்தி புதுச் செருப்பு போட்டு வந்தாலே விசாரணை நடக்கும். புதுக் கருவி எதற்கு, அதில் கூடுதல் சாவி எதற்கு என்று கேட்டுக் கேட்டு விஷயத்தைக் கறந்துவிடுவார்கள். முதல் நாற்காலிக்காரிக்கு விரல் போய்விட்டது என்று தெரிந்தால் ஐயோ பாவம் என்று சொல்லிக்கொண்டே எழுப்பிவிடுவார்கள். கல்யாணம் வேண்டாம் என்றேன், வேறு வேலை வேண்டாம் என்றேன், எல்லாம் அந்த நாற்காலிக்காக. அதிலிருந்து எழுந்தால் நான் எங்கே போய் உட்காருவேன் என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

தம்பி குடும்பம் மாடியில், நான் கீழே. ஒரு நாள் காலையில் வாயில் பல்துலக்கும் பிரஷ்ஷோடு படியிறங்கி வந்து என் அறை வாசலில் நின்றான். நான் ஏறி இறங்கி முடிக்கும்வரை கேட்டான்.

“அக்கா, நீ ஒரு படிய விட்டுட்டு அடுத்த படியில ரெண்டு தடவ மிதிக்கிற,” என்றான்.

முதலில் வாயைக் கொப்புளித்துவிட்டுப் பேசு என்று எரிந்து விழுந்தேன். அவன் நகரவில்லை. என் வலது கையைப் பார்த்தான். நான் அதை மடியில் மறைத்தேன். மறைத்த விதத்திலேயே அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்காமல் மாடிக்குப் போய், தன் கிளாரினெட்டை எடுத்துக்கொண்டு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். மேடையில் உட்காருகிற அதே பக்கம்.

“வாசி,” என்றான்.

வாசித்தேன். அந்த இடம் வந்தது. விரல் சுருண்டது, நான் ஊதுவதை நிறுத்தினேன். நிறுத்திய இடத்தில் அவன் ஒற்றை ஸ்வரத்தை வைத்தான். அடுத்ததிலிருந்து நான் தொடர்ந்தேன். ஏணி முழுசாகக் கேட்டது. பல நாள் கழித்து முழுசாகக் கேட்டது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார் கேட்டார்கள் உன் பிச்சையை, மாடிக்குப் போ என்று கத்தினேன். போய்விட்டான். மறுநாள் அதே நேரத்துக்குக் கிளாரினெட்டோடு வந்தான், இந்தத் தடவை வாயைக் கொப்புளித்துவிட்டு. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

அதன் பிறகு எங்கள் பயிற்சி இதுதான். நான் ஊதுவதை நிறுத்துகிற இடம் தெரியாமல் நிறுத்த வேண்டும், அவன் நுழைகிற இடம் தெரியாமல் நுழைய வேண்டும். என் சத்தத்தைப் போலவே அவன் சத்தம் இருக்க வேண்டும் என்பதற்காகத் தன் கருவியின் வாயில் கட்டுகிற ரீட் என்ற நாணல் பட்டையைச் சீவிச் சீவி என்னுடையதைப் போல ஆக்கினான். நான் வாயை எப்படிக் குவிக்கிறேன் என்று கண்ணாடி முன்னால் நின்று பார்த்தான். என் கையை வைத்த கண் வாங்காமல் பார்த்து, என் விரல் போகிற போக்கிலேயே தன் விரலை விட்டான். அவனை ஊருக்கே தெரிந்த சோம்பேறி என்று நினைத்திருந்தேன். அந்த ஒற்றை ஸ்வரத்துக்கு அவன் உழைத்ததைப் பார்த்த பிறகு எனக்குப் பயமாக இருந்தது. ஏனென்றால் அவன் வைத்த ஸ்வரம், அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் வைத்தவற்றைவிட நன்றாக இருந்தது. இப்படி வாசிக்கத் தெரிந்தவன் இத்தனை காலம் எனக்கு ஒத்து ஊதிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறான். 

குழுவை நடத்துகிறவரைக் கண்டக்டர் என்று சொல்ல வேண்டும். அவர் எங்கே டிக்கெட் கிழிப்பார் என்று தம்பி மனைவி ஒரு தடவை கேட்டதிலிருந்து வீட்டில் அந்தப் பெயரை எடுத்தாலே சிரிப்புதான். கையில் இருக்கும் குச்சியை வைத்து நாங்கள் அவரைக் குச்சி என்போம். நல்ல மனிதர், ரொம்ப நியாயஸ்தர், அதில்தான் கஷ்டமே. ஒத்திகைகளில் எங்கள் ஏற்பாடு குச்சியின் காதுக்கும் தெரியவில்லை. ஒரு நாள் நின்று, முதல் கிளாரினெட்டில் இப்போதெல்லாம் ஒரு புதுக் குழைவு இருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு தலையை ஆட்டினேன். பக்கத்தில் ஸ்டெப்னி கருவிக்குள் தேங்கிய எச்சிலைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

பிறகு குச்சி அந்தப் பெரிய உருப்படியைக் கச்சேரிக்கு எடுத்தார். நடுவில் கிளாரினெட்டுக்குத் தனி வாசிப்பு. குழு மொத்தமும் அடங்கிவிடும். உச்சியில் தொடங்கி அரை அரையாக, அவசரமே இல்லாமல் இறங்கி வந்து, ஈ ஃபிளாட்டில் நின்று, மூச்சு இருக்கிறவரை அதை நீட்ட வேண்டும். எழுதியவர் என் ஜன்னலில் காது வைத்துக் கேட்டுவிட்டு எழுதினாரோ என்றிருந்தது. 

தம்பி அன்று சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தான். கச்சேரி அன்றைக்கு மட்டும் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடலாம், அவன் வாசிக்கிறான், அடுத்த கச்சேரிக்கு நான் திரும்பி வந்துவிடலாம் என்றான். நியாயமான யோசனை. எனக்குத்தான் காது அடைத்துக்கொண்டது. நாற்காலி மேல் இத்தனை நாளாகக் கண் இருந்ததா உனக்கு என்று கேட்டேன். சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான். தம்பி மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவன் எடுக்கவில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. நாங்கள் ஆளுக்கு இரண்டு கிளாரினெட் வைத்திருப்போம். ஒன்று கொஞ்சம் குட்டை, ஒன்று கொஞ்சம் நெட்டை. இரண்டிலும் சாவிகள் ஒன்றுதான், விரல் வைக்கிற முறையும் ஒன்றுதான். ஆனால் அதே விரலுக்கு நெட்டையில் அரை ஸ்வரம் கீழே கேட்கும். என் தனி வாசிப்பு குட்டையில். அது முடிந்த கையோடு இரண்டாம் கிளாரினெட் நெட்டையில் நுழைய வேண்டும், மாற்றிக்கொள்ள அவகாசம் கிடையாது. ஆகவே எனக்காக ஈ ஃபிளாட் ஊதுகிற நேரத்தில் தம்பியின் கையில் நெட்டை இருக்கும். நான் ஈ ஃபிளாட்டுக்கு விரல் வைக்கிற இடத்தில் அவன் ஈ-க்கு விரல் வைத்தால்தான் அதே சத்தம் வரும். இதைத் தாளில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டான். வீட்டில் பழகியபோது ஒரு தடவைகூடத் தவறவில்லை.

கச்சேரி அன்று அரங்கம் நிறைந்திருந்தது. முதல் பாதி தண்ணீர் மாதிரி போனது. தனி வாசிப்பு வந்தது. நான் உச்சியைத் தொட்டேன், இறங்க ஆரம்பித்தேன். இடது சுண்டுவிரல் பாவம், என்னவெல்லாமோ செய்து வழுக்கியது. ஈ-க்கு வந்தேன். மெல்ல ஊதுவதை நிறுத்தினேன், வாயைக் கருவியிலிருந்து எடுக்காமல் கன்னத்தை மட்டும் உப்பிக்கொண்டேன். தம்பி எப்போதும் போல என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் விரல்கள் போன போக்கிலேயே அவன் விரல்களும் போயின. அத்தனை நாள் பழகிய பழக்கம், கையில் இருப்பது நெட்டை என்பதை மறந்துவிட்டது.

ஈ ஃபிளாட் இருக்க வேண்டிய இடத்தில், அந்த நிசப்தத்தில், அரை ஸ்வரம் கீழே ஒரு தப்பான சத்தம் நீளமாகக் கிளம்பியது. அவன் பதறிப்போய் அதை மேலே ஏற்றினான். ஏற்றியது அதைவிடக் கேவலமாகக் கேட்டது. சத்தம் எந்த நாற்காலியிலிருந்து வருகிறது என்பது அரங்கில் இருந்த குழந்தைக்கும் தெரிந்துவிட்டது. குச்சியின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு வயலின்காரர்களைத் தொடங்கச் சொல்லி அசைந்தது.

மறுநாள் காலை குச்சி எங்களைத் தன் அறைக்கு வரச் சொன்னார். முதலில் தம்பியைத்தான் கூப்பிட்டார். நான் வெளியே தாழ்வாரத்துப் பெஞ்சில், கருவியைப் பொருத்தி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே போய் உண்மையைச் சொல்லப் போகிறேன், என் விரலைப் பற்றி, இவன் எனக்காகச் செய்ததைப் பற்றி எல்லாம். இரவெல்லாம் யோசித்து முடிவெடுத்துவிட்டேன். நாற்காலி போனால் போகட்டும். வெளியே வந்த தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை, வெளியில் இருக்கச் சொன்னார் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தான்.

குச்சி எனக்கு நாற்காலி போட்டார். வருத்தமாகப் பேசினார். கைதவறி ஊதிவிட்டதாகத் தம்பி முதலில் சொன்னானாம். அழுத்திக் கேட்டதும், முதல் நாற்காலி மேல் ரொம்ப நாளாகக் கண், அந்த நேரத்தில் அடக்க முடியவில்லை, நுழைந்துவிட்டேன் என்றானாம். என் வாயிலிருந்து விழுந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டு போய் அங்கே தன் தலையில் வைத்துக்கொண்டிருக்கிறான். பொய்தான் சொன்னானா, இல்லை அதில் கொஞ்சம் நிஜமும் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இருந்திருந்தாலும் அது தப்பில்லை.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சுருளும் விரல், ‘வ’வை அழித்தது, அந்த ஒற்றைச் சாவி, நெட்டையும் குட்டையும். குச்சி குறுக்கிடாமல் கேட்டார். டாக்டரிடம் போனீர்களா என்றார். போனேன் என்றேன். என்ன எழுதிக் கொடுத்தார் என்றார். எல்லாம் நார்மல் என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றேன். சொல்லும்போதே எனக்கே அது பொய் மாதிரி கேட்டது.

“வாசிச்சுக் காட்டுங்க,” என்றார்.

கருவியை எடுத்தேன். ஒரு ஸ்வரம் வராமல் இருக்க வேண்டும் என்று என் வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டேன். உச்சியிலிருந்து இறங்கினேன். ஈ வந்தது. அடுத்ததுக்கு என் வலது சுண்டுவிரல், சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி, நேராக நீண்டு சாவியின் மேல் போய்ப் படுத்தது. ஈ ஃபிளாட் வந்தது. உருண்டையாக, முழுசாக, அந்த அறை நிறைய வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் மூச்சு தீரும்வரை ஊதிக்கொண்டே இருந்தேன்.

 இல்லை சார், இருங்க, மறுபடி வாசிக்கிறேன் என்று கெஞ்சினேன். மறுபடி வாசித்தேன். இந்தத் தடவை விரல் சுருண்டது. எப்போதும் போல நகம் உள்ளங்கையில் குத்தும் அளவுக்குச் சுருண்டது, கருவி கீச்சிட்டது.

குச்சி சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, பரிவான சிரிப்பு. அதை என்னால் தாங்க முடியவில்லை.

“போதும். உங்களுக்கு வாசிக்க வரும், நடிக்க வராது,” என்றார். “தம்பிக்காக உங்க பேரையே கெடுத்துக்கப் பாக்குறீங்க. எனக்கும் கூடப்பிறந்தவங்க இருக்காங்க, புரியுது. ஆனா இன்னொருத்தர் வாசிப்புல மேடையிலயே புகுந்தவர நான் வச்சுக்க முடியாது.”

விரலைப் பிடித்து அவர் முன்னால் நீட்டினேன். கருவி இல்லாத கையில் அது நேராக நின்றது. நாளையிலிருந்து தம்பி வர வேண்டாம் என்று நானே சொல்லிவிடுவது நல்லது, வீட்டு மனுஷி வாயால் கேட்டால் காயம் குறைவாக இருக்கும் என்றார். அடுத்த ஒத்திகைக்கு அந்தத் தனி வாசிப்பை மறுபடி எடுக்கலாம், பக்கத்தில் புது ஆள் இருப்பார் என்றும் சொன்னார். கதவுவரை வந்து விட்டுவிட்டுப் போனார்.

தாழ்வாரத்தில் பெஞ்சு காலியாக இருந்தது. கோடியில் இருந்த குழாயடியிலிருந்து தம்பி வந்தான். முகமெல்லாம் ஈரம், சட்டைக் காலர்கூட நனைந்திருந்தது. கிட்டே வந்ததும்தான் தெரிந்தது, அவ்வளவும் குழாய்த் தண்ணீர் இல்லை.

“கேட்டேன்க்கா,” என்றான். “ஈ ஃபிளாட் வந்துச்சுல்ல. நீயே வாசிச்ச. கேட்டதும் எனக்குத் தாங்கல, யாராச்சும் பாத்துருவாங்கன்னு மூஞ்சி கழுவப் போயிட்டேன்.”

அப்படியானால் இரண்டாவது தடவை அவன் காதில் விழவில்லை.  முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொன்னேன். “நாளையிலேருந்து உன்னை வர வேண்டாம்னுட்டார்டா.”

அவன் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கியது. தரையைப் பார்த்துத் தலையை ஆட்டினான். மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்திருப்பான், வேறு எங்கே யார் எடுத்துக்கொள்வார்கள் என்று யோசித்திருப்பான். மேடையில் இன்னொருவர் வாசிப்பைக் கெடுத்தவன் என்ற பெயரோடு அவனை எந்தக் குழுவும் எடுக்காது. அது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

“போகட்டும்க்கா. உனக்கு வந்துருச்சுல்ல? சரியாயிருச்சுல்ல?”

என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். இல்லை என்று சொன்னால் அவன் தன்னை விற்று எதையும் வாங்கவில்லை என்று ஆகும். ஆம் என்றால் அந்தப் பொய் அடுத்த ஒத்திகை வரைக்கும்தான் நிற்கும். அன்று குழுவே கேட்கும், ஊரே சொல்லும், அவனும் கேள்விப்படுவான். அதுவரைக்குமாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

“வந்துருச்சுடா,” என்றேன். “சரியாயிருச்சு.”

அவன் சிரித்தே விட்டான். பெட்டியைத் திறந்து தரையில் வைத்து, குடு, நான் வைக்கிறேன் என்று கருவிக்காகக் கையை நீட்டினான். என் கையில் கருவி இருந்தது, சுண்டுவிரல் உள்ளங்கைக்குள் சுருண்டு கிடந்தது. நானே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, கருவியை ஒவ்வொரு துண்டாகக் கழற்ற ஆரம்பித்தேன்.